ஐந்தாவது புத்தகம்

ரூபனுக்குத் திக்குவாய். வெர்னா அவனைக் கட்டிக்கொண்டதற்கு முதல் காரணமே அதுதான்.

கேட்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஓஹையோவின் அந்த மேட்டு நிலத்தில், குதிரைவண்டியும் கறுப்புத் தொப்பியுமாக வாழும் அமிஷ் ஜனங்களுக்கு நடுவே, ஒரு பிரசங்கியாரின் மகளாகப் பிறந்து வளர்ந்திருந்தால் வேடிக்கையாக இருக்காது.

அவள் அப்பா மோஸ் பிரசங்கியாரானபோது வெர்னாவுக்கு மூன்று வயது. படித்துப் பட்டம் வாங்கி ஆகவில்லை. விரும்பிக் கேட்டும் ஆகவில்லை. சீட்டு விழுந்தது, ஆனார். சபையார் ஒவ்வொருவராகப் போய் பிஷப்பிடம் ஒரு பெயரைக் காதோடு சொல்வார்கள். மூன்று பேராவது சொன்ன பெயர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பாட்டுப் புத்தகம் மேஜையில் வைக்கப்படும். ஒரே ஒரு புத்தகத்துக்குள் துண்டுச் சீட்டு; வெளியே தெரியாதபடி எல்லாவற்றுக்கும் ரப்பர் வளையம். அதை எடுத்தவன் சாகும் வரை பிரசங்கியார். சம்பளம் கிடையாது. ஓய்வு கிடையாது. மாட்டேன் என்று சொல்லவும் வழி கிடையாது. ஞானஸ்நானம் எடுக்கும்போதே ஒவ்வோர் ஆண்பிள்ளையும் அதற்கு வாக்குக் கொடுத்துவிடுகிறான்.

அப்போது அம்மா மூன்று நாள் அழுதாளாம். வெர்னாவுக்கு அது நினைவில்லை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நினைவிருந்தது.

சாப்பிட உட்கார்ந்தால் வாசலில் வண்டி வந்து நிற்கும். யாரோ யார்மீதோ கோள் சொல்ல வந்திருப்பார்கள். வெட்டிய புல் மழையில் நனையும், அப்பா நாற்பது மைல் தள்ளி ஒரு சாவு வீட்டில் இருப்பார். மற்றப் பெண்களின் தொப்பி மடிப்பு அரை அங்குலம் குறைந்தால் யாருக்கும் தெரியாது. வெர்னாவின் தொப்பி குறைந்தால் மறுவாரம் அடுத்த சபை வரைக்கும் செய்தி போகும். தோழிகள் கூட்டமாகச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இவள் போய் நின்றதும் சிரிப்பு நின்றுவிடும்.

'இன்னொரு பிரசங்கியார் வீட்டில் நான் வாழமாட்டேன்.' பதினாறு வயதில் எடுத்த முடிவு. அதனால், ஞாயிறு மாலைகளில் அவளை வீட்டில் கொண்டுவிடக் கேட்ட பையன்களை அவள் ஒரு கணக்கோடுதான் பார்த்தாள். கணீரென்று பாடினானா? வேண்டாம். நாலு பேர் அவன் பேச்சைக் கேட்டுத் தலையாட்டினார்களா? அவனும் வேண்டாம்.

சேணம் தைக்கும் ரூபன் யோடர் வந்தான். "உ... உன்னை வீ... வீ... வீட்டுல..." என்று தொடங்கினான். அவன் முடிப்பதற்குள் வெர்னா வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

இவனுக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்?

ஆனால் கணக்கு கணக்கோடு நிற்கவில்லை. அவன் கையில் தோல் வாசனை இருந்தது, கண்ணில் எப்போதும் ஒரு சிரிப்பு இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே வெர்னா அவன்மீது உயிரை வைத்துவிட்டாள். கல்யாணமாகி மூன்று வருஷம். அவர்கள் வீட்டு வாசலில் சேணம் தைக்கக் கொடுப்பவர்களின் வண்டிகள் மட்டுமே நின்றன.

ஏப்ரலில் அப்பா செத்துப்போனார். அம்மா இந்தியானாவிலிருக்கும் மூத்த மகளிடம் போய்ச் சேர்ந்தாள். போகும்போது "முடிஞ்சுது" என்று ஒரே சொல் சொன்னாள். அழவில்லை.

முடியவில்லை. சபையில் ஓர் இடம் காலியாகிவிட்டது. அக்டோபர் திருவிருந்து ஞாயிறன்று அந்த இடத்துக்குச் சீட்டு என்று பிஷப் ஏரன் அறிவித்தார்.

அந்த ஞாயிறும் வந்தது.

ஆராதனை ஃபர்மன் வீட்டு மரப்பட்டறையில். காலை எட்டு மணிக்கு முதுகுச் சாய்மானமில்லாத பலகைகளில் உட்கார்ந்தால் மாலை நாலு வரைக்கும் எழுந்திருக்க முடியாது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுப்பகலில் மட்டும், பிரசங்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பத்துப் பத்துப் பேராகப் போய் ரொட்டியும் சூப்பும் சாப்பிட்டு வரலாம்.

வெர்னா சாப்பிட்டுவிட்டு, வண்டியில் விட்ட சால்வையை எடுக்கப் போனாள். வண்டிகள் குதிரைக் கொட்டகைக்குப் பின்னால் நின்றன. சால்வையைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கொட்டகைக்குள்ளிருந்து ஒரு குரல். ஏற்றமும் இறக்கமுமாக, பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில் ஓடும் குரல். அப்பாவின் இழுப்பு. அப்பாவின் நிறுத்தம்.

"நோவா பேழைக்குள்ள போனான். கதவைச் சாத்தினது யாரு? நோவாவா? இல்லை ஜனங்களே. வெளியிலிருந்து கர்த்தர் சாத்தினார். உள்ளே இருந்தவனுக்குத் தாழ்ப்பாள் கிடையாது..."

ஒரு தடங்கல் இல்லை. ஒரு சொல் உடையவில்லை.

வெர்னா எட்டிப் பார்த்தாள். குதிரை ஜிப்பின் கழுத்தில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு நின்றது அவள் புருஷன்.

"யார்கிட்டப் பேசிட்டிருக்க?"

ரூபன் துள்ளித் திரும்பினான். காது வரைக்கும் சிவந்தது. "கு... குதிரைகிட்ட."

"குதிரைக்கு எதுக்கு நோவா கதை?"

"அ... அது எதிர்த்துப் பே... பேசாது."

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். ஆனால் அவள் சிரிப்பு சீக்கிரம் நின்றது.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"உ... உங்கப்பா போனதுலேருந்து."

ஆறு மாதம்! தினமும் தீவனம் வைக்கிறேன் என்று போய் அரைமணி நேரம் இருந்துவிட்டு வருவது இதற்குத்தானா?

"எதுக்கு ரூபன்?"

அவன் வாய் திறந்தது. சொல் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. வெர்னா காத்திருந்தாள், அவன் சொல்லை அவள் ஒருநாளும் பிடுங்கி முடித்ததில்லை.

"ஆ... ஆசையா இருக்கு."

ஆசை! இந்த ஜனங்களிடத்தில் திருட்டைக்கூட மன்னித்துக் கட்டிக்கொள்வார்கள். பிரசங்கியார் ஆக ஆசைப்படுவதை மன்னித்தாலும் அந்த இடத்தைக் கொடுக்கமாட்டார்கள். ஆசைப்படுகிறவன் தகுதியில்லாதவன். பிரசங்கத்தை முன்கூட்டிப் பழகுவது அதைவிட மோசம். எழுந்து நின்றால் கர்த்தர் வாயைத் திறக்க வேண்டும், தானாகத் திறந்து பார்த்துக்கொள்ளக் கூடாது.

"உனக்குப் பைத்தியமா? யார் காதுலயாவது விழுந்தா?"

"எ... எனக்கு யாரு ஓ... ஓட்டுப் போடுவா? சு... சும்மா. ஜி... ஜிப்போட சரி."

"ஜிப்போட போகட்டும். முதல்ல உள்ள வா."

அவளுக்கு ஒரு தைரியம் இருந்தது. ஓட்டு விழாது. விழவே விழாது.

மதியம் ரொட்டியும் திராட்சை ரசமும் முடிந்தது. பிறகு கால் கழுவும் சடங்கு. பெண்கள் இரண்டிரண்டு பேராகக் குனிந்து ஒருவர் காலை ஒருவர் கழுவ வேண்டும். வெர்னாவுக்கு ஜோடியாக வந்தவள் ஃபர்மனின் மனைவி எட்னா. இவளைவிடப் பத்து வயது மூத்தவள், வாய் ஓயாதவள்.

"மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு? உனக்கென்னடி கவலை!" எட்னா கிசுகிசுத்தாள். "உன் வீட்டுக்காரன் 'சகோதரரே'ன்னு ஆரம்பிச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்த திருவிருந்தே வந்துடும்."

"தண்ணி சூடா இருக்கு, காலை எடுங்க."

"எங்காளை நினைச்சாத்தான் எனக்குப் பயம். தொண்டையா அது, மணியில்ல? காலைல பால் கறக்கறப்பவே வேண்டிக்கிட்டேன். இன்னிக்கு ஒரு நாளைக்கு அந்த மனுஷனுக்குத் தொண்டை கட்டிக்கட்டும் கர்த்தரேன்னு."

"கட்டிச்சா?"

"எங்க! காலைப் பாட்டுக்கே கூரை ஆடிச்சே, கேக்கலை?" எட்னா சிரித்தாள். இருவரும் எழுந்து, வழக்கப்படி கன்னத்தில் முத்தமிட்டுச் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

அடுத்தது ஓட்டு.

பக்கத்து அறைக் கதவு ஒரு கைப்பிடி அளவு திறந்திருந்தது. உள்ளே பிஷப்பும், மிச்சமிருந்த ஒரே பிரசங்கியார் வில்லிஸும். ஆண்கள் முடிந்து பெண்கள் வரிசை நகர்ந்தது. யார் என்ன சொன்னார்கள் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. கணவன் மனைவியையும் கேட்கக் கூடாது.

வெர்னா கதவிடுக்கில் குனிந்தாள். யோசித்து வைத்த பெயர் எதுவும் இல்லை. வாயில் வந்த பெயரைச் சொன்னாள்.

"ஃபர்மன்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. சற்றுமுன் முத்தமிட்ட கன்னம்! திரும்பிப் போய் மாற்றிச் சொல்ல முடியுமா? பின்னால் பத்துப் பெண்கள் நின்றார்கள். வந்து உட்கார்ந்துவிட்டாள்.

கால்மணி நேரம். பட்டறையில் இருமல்கூட இல்லை. பிஷப் ஏரன் வெளியே வந்தார். கையில் ஒரு துண்டுக் காகிதம்.

"மூன்று ஓட்டும் அதற்கு மேலும் பெற்றவர்கள் ஐந்து பேர்" என்றார். "ஜோனஸ் மில்லர்."

பெண்கள் பக்கம் ஒரு விம்மல்.

"ஆல்வின் மாஸ்ட். டெல்பர்ட் வீவர். ஃபர்மன் பீச்சி."

எட்னா மடியிலிருந்த கைக்குட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

"ரூபன் யோடர்."

வெர்னாவுக்கு முதலில் அது வேறு யாரோ ரூபன் என்று தோன்றியது. பிறகு ஆண்கள் பலகையில் தலைகள் திரும்பிய திசையைப் பார்த்தாள்.

எப்படி? யார் அந்த மூன்று பேர்?

பின்வரிசையில் கிழவி லிடியா பக்கத்துக்காரியிடம் முனகினாள். கிழவிக்குக் காது மந்தம். முனகல் மூன்று வரிசைக்குக் கேட்டது. "மோஸ் வீட்டுக்கே திரும்பட்டுமே. மாப்பிள்ளைக்குப் பேச்சு வராட்டி என்ன, வேதத்துல வர்ற மோசேவுக்கே திக்குவாய்தான். பக்கத்துல மோஸ் மகள் இருக்கா, பார்த்துப்பா."

வெர்னாவுக்குப் புரிந்துவிட்டது. ஓட்டு ரூபனுக்கு விழவில்லை. அவள் அப்பாவுக்கு விழுந்திருக்கிறது. எந்த வீட்டிலிருந்து தப்பிக்க அவனைத் தேடிப் பிடித்தாளோ, அந்த வீட்டையே அவள் அவன் முதுகில் ஏற்றிவிட்டிருக்கிறாள்.

ஐந்தில் ஒன்று. அதுவும் மூத்தவர் முதலில் எடுக்க வேண்டும். ரூபன்தான் இளையவன். அவனுக்குத் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. மற்றவர்கள் விட்டது அவனுடையது.

"புத்தகங்களை வைக்கும் முன்னால்" என்றார் பிஷப், "வழக்கம்போல ஒவ்வொருவரிடமும் கேட்போம். இந்த ஐவரில் யாருக்காவது தடை உண்டென்று தெரிந்தால் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் சம்மதம் சொல்லுங்கள்."

சம்பிரதாயத்துக்குக் கேட்பது. முப்பது வருஷத்தில் யாரும் தடை சொன்னதில்லை. வில்லிஸ் பெண்கள் பக்கம் வந்தார். குனிந்து குனிந்து ஒவ்வொரு முகத்துக்கும் நேராகக் காதைக் கொண்டுபோனார்.

"சம்மதம்."

"சம்மதம்."

வெர்னா நாலாவது வரிசையில் இருந்தாள். எதிரே ரூபனைப் பார்த்தாள். பயந்து வெளுத்திருப்பான் என்று நினைத்தாள். இல்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உதடு அசைந்தது. கொட்டகையில் பார்த்த அதே முகம்.

அவன் பேசுவான். அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எல்லாரும் திறந்த வாய் மூடாமல் கேட்பார்கள். சாப்பாட்டு வேளையில் வாசலில் வண்டி நிற்கும். நாளைக்குப் பிறக்கப்போகும் பெண்ணின் தொப்பி மடிப்பை ஊரே அளக்கும். அவளும் ஒரு கூட்டத்தருகே போய் நிற்பாள். சிரிப்பு நிற்கும்.

"சம்மதம்." இரண்டாவது வரிசை முடிந்தது.

ஒரு வார்த்தை போதும். அதுவும் பொய் இல்லை, முழு உண்மை. சொன்னால் அவள் தப்பித்தாள். அவன்?

"சம்மதம்." எட்னாவின் குரல் அழுகையில் உடைந்தது.

சொல்லாவிட்டால் ஐந்தில் நாலு பங்கு தப்பிக்கலாம். மிச்சம் ஒரு பங்குக்காகப் புருஷனைக் காட்டிக்கொடுப்பதா? ஆனால் அந்த ஒரு பங்கு, ஒருமுறை விழுந்துவிட்டால் ஐம்பது வருஷம்.

வில்லிஸின் தாடி அவள் முகத்துக்கு நேரே வந்தது.

"வெர்னா?"

"தடை இருக்கு."

வில்லிஸ் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று இன்னும் குனிந்தார். "என்னம்மா?"

"ரூபனுக்கு இதுல ஆசை. ஆறு மாசமா குதிரைக் கொட்டகைல பிரசங்கம் பழகறார்."

வில்லிஸ் நிமிர்ந்தார். மிச்சப் பெண்களைக் கேட்காமலே பிஷப்பிடம் போனார். இரண்டு வெள்ளைத் தாடிகளும் ஒன்றுசேர்ந்து பிரிந்தன.

"ரூபன்" என்றார் பிஷப். கோபமில்லாத குரல். "நீ இந்த இடத்துக்கு ஆசைப்பட்டதாகவும், மறைவாகப் பிரசங்கம் பழகியதாகவும் சொல்லப்படுகிறது. உண்மையா?"

ரூபன் எழுந்தான். பிஷப்பைப் பார்க்கவில்லை. நேராகப் பெண்கள் பக்கம், நாலாவது வரிசையைப் பார்த்தான். இந்த விஷயம் தெரிந்த உயிர் உலகத்தில் இரண்டு. ஒன்று குதிரை.

இல்லை என்று அவன் சொல்லியிருக்கலாம். திக்குவாயன் பிரசங்கம் பழகினான் என்றால் யார் நம்பியிருப்பார்கள்? வெர்னா ஒரு கணம் அதற்காகவே வேண்டிக்கொண்டாள்.

"உண்மை" என்றான் ரூபன்.

தெளிவாக, ஒரே மூச்சில், திக்காமல் சொன்னான். அந்தக் குரலைக் கேட்டுச் சபையே அதிர்ந்தது. அவன் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டான். மன்னித்தார்கள். பிஷப் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, பழைய இடத்தில் போய் உட்காரச் சொன்னார்.

மேஜைக்கு நாலு புத்தகங்கள் மட்டும் வந்தன. ஐந்தாவது, ரப்பர் வளையம் போட்டபடி, உள்ளறை ஜன்னல் விளிம்பிலேயே கிடந்தது.

ஜோனஸ் எடுத்தார். ஆல்வின் எடுத்தார். ஃபர்மன் எடுத்தார். டெல்பர்ட் கடைசி. பிஷப் ஒவ்வொன்றாகத் திறந்தார். முதலாவதில் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதைத் திறந்தவர் மூடவில்லை.

எட்னா போட்ட ஓலம் பட்டறைக் கூரையில் முட்டியது.

வெர்னா தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நியாயப்படி அவளுக்கு மூச்சு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

கலைந்து வெளியே வந்ததும் கிழவி லிடியா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அடி பெண்ணே! உங்கப்பாவும் இதே மாதிரிதான். சொந்தத் தம்பி, சபை விலக்கின ரப்பர் டயரை டிராக்டருக்கு மாட்டினான். யாருக்கும் தெரியாது. மோஸே எழுந்து சபையில சொன்னாரே! ரெண்டு நாள் சோறு இறங்கலையாம் அவருக்கு. ஆனா சொன்னாரு."

"எனக்கு அது தெரியாது" என்றாள் வெர்னா.

"தெரிஞ்சாத்தானா? உடம்புல இருக்கு."

பிஷப் அந்தப் பக்கமாக வந்தார். பெண்களிடம் நின்று பேசுகிற வழக்கமில்லாதவர் நின்றார். "மோஸ் இருந்திருந்தா இதைத்தான் செஞ்சிருப்பார்மா. எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும் உனக்கு" என்றார்.

அவள் வாய்க்குள் ஒரு பதில் இருந்தது. 'நான் அதுக்காகச் சொல்லலை.' யாரிடம் சொல்ல? பாத்திரம் கழுவும் இடத்தில் நாலைந்து பெண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். வெர்னா ஒரு துணியை எடுத்துக்கொண்டு அருகில் போனாள். பேச்சு நின்றது. ஒருத்தி மரியாதையாக ஒதுங்கி இடம் விட்டாள்.

ரூபன் வண்டியைப் பூட்டிக்கொண்டு காத்திருந்தான். வீடு நாலு மைல். வண்டி சோளக்கொல்லைகளைத் தாண்டியது. அவன் திட்டினால் தேவலை என்றிருந்தது வெர்னாவுக்கு. கேட்டால் சொல்லிவிடலாம். எல்லாவற்றையும், திக்குவாய்க்காகக் கட்டிக்கொண்டதிலிருந்து.

பாலத்தருகே அவன் வாய் திறந்தான்.

"நீ சொ... சொன்னது ந... நல்லது."

அவள் திரும்பிப் பார்த்தாள். கேலி இல்லை. கண் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தில் ஒரு பெரிய நிம்மதி.

"எ... எனக்குள்ள பெ... பெருமை புகுந்துடுச்சு வெர்னா. அ... அங்க உக்காந்தப்ப, சீ... சீட்டு எனக்கு விழணும்னு வே... வேண்டிக்கிட்டேன். அ... அப்படி யாராவது வே... வேண்டுவாங்களா? நீ பா... பார்த்துட்ட. என்னைக் கா... காப்பாத்தத்தானே சொன்ன?"

வண்டிச் சக்கரம் பாலத்துப் பலகையில் கடகடத்தது. இல்லை என்று சொன்னால் அவனுக்கு என்ன மிஞ்சும்? இடம் போய்விட்டது. சபை முன்னால் முழங்காலிட்டாயிற்று. மிச்சமிருப்பது இந்த ஒரு காரணம்தான். அதையும் அவன் கையிலிருந்து பிடுங்குவதா?

"ஆமா" என்றாள்.

அவன் தலையாட்டினான். நெடுநேரம் ஆட்டிக்கொண்டிருந்தான். "இ... இனிமே பே... பேச மாட்டேன். கு... குதிரைகிட்டக்கூட."

'பேசு ரூபன். கொட்டகைக்குப் போ, கதவைச் சாத்திக்கோ, பேசு.' தொண்டை வரைக்கும் வந்தது. எதைப் பாவமென்று ஒரு மணி நேரத்துக்கு முன்னால் சபைக்குச் சொன்னாளோ, அதை இப்போது செய்யச் சொல்வதா? மோஸ் மகள் அப்படிச் சொல்லமாட்டாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மோஸ் மகள்.

"சரி" என்றாள் வெர்னா.

பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது. அண்ணன் வீட்டில் விட்டிருந்த பிள்ளைகளை அழைத்துவரப் போய்க்கொண்டிருந்தார்கள் ஃபர்மனும் எட்னாவும். புதுப் பிரசங்கியாரின் வண்டி முன்னே போகட்டும் என்று ரூபன் ஓரம் கட்டி, தொப்பியைக் கழற்றினான். எட்னாவின் முகம் தெரியவில்லை; கறுப்புத் தொப்பியை அவ்வளவு முன்னுக்கு இழுத்துவிட்டிருந்தாள்.

அவர்கள் மேட்டைத் தாண்டியதும் ஜிப் நின்றபடியே காதைப் பின்னுக்குத் திருப்பி, ரூபனின் குரலுக்காகக் காத்தது. அவன் வாயைத் திறக்கவில்லை. கடிவாள வாரை மட்டும் ஒருமுறை அசைத்தான்.